ஒரு சுழி செய்த குழப்பம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஆண்டு மலருக்குப் படைப்புகள் வேண்டும் என்ற சுற்றறிக்கை வகுப்பில் வாசிக்கப்பட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். கவிதை எனக்கு வராது. கதை கட்டத் தெரியாது. பயணக் கட்டுரை எழுதலாம் என்றால், கல்லூரிச் சுற்றுலாவுக்கு நான் போனதே இல்லை. "உனக்கு நன்றாகத் தெரிந்ததை எழுது" என்றார் எங்கள் துறைப் பேராசிரியர். நன்றாகத் தெரிந்தது என்று பார்த்தால், சென்ற பருவத்தில் நான் செய்த ஒரு தவறுதான் நினைவுக்கு வருகிறது. அதையே எழுதுகிறேன். கணிப்பொறி படிக்காத பிற துறை நண்பர்களுக்கும் விளங்கவேண்டும் என்று முயன்றிருக்கிறேன். குறையிருந்தால் பொறுத்தருள்க.

மேஸ்திரியின் நோட்டு

என் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். இருவரும் ஒரே மேஸ்திரியிடம் வேலை செய்கிறார்கள். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நான்தான் முதல்.

மேஸ்திரியிடம் ஒரு நீள நோட்டு உண்டு. இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள். வலப்பக்கம் திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டங்கள். ஆள் வந்தால் ஒரு கோடு. வராவிட்டால் ஒரு சுழி. அரைநாள் வேலை அந்தக் குழுவில் வழக்கமில்லை. சனிக்கிழமை மாலை ஒவ்வொரு பெயருக்கும் நேரே உள்ள கோடுகளை எண்ணி, நாளுக்கு இவ்வளவு என்று பெருக்கினால் வாரக்கூலி. எட்டாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்தே அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. பெரிய கணக்கொன்றும் இல்லை. ஆனால் கூலி வாங்க நிற்பவர்கள் எல்லாரும் என் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கோடு விட்டுப்போனால் ஒரு வீட்டில் ஒருநாள் அரிசி குறையும் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்குச் 'சி' என்னும் கணிப்பொறி மொழி பாடமாக வந்தது. அதற்கு முன்னுரையாக இரும எண்முறையை நடத்தினார்கள். நாம் அன்றாடம் எழுதும் பதின்ம முறையில் பத்து இலக்கங்கள். வலமிருந்து இடமாக ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்பு பத்து மடங்கு ஏறும்: 1, 10, 100, 1000. இரும முறையில் இரண்டே இலக்கங்கள், 0-வும் 1-உம். இடமதிப்பு இரு மடங்காக ஏறும்: 1, 2, 4, 8, 16, 32. ஆகவே ஆறு இடங்களிலும் 1 இருந்தால் 32, 16, 8, 4, 2, 1 எல்லாம் சேர்ந்து 63. முதல் இடத்தில் மட்டும் சுழியிருந்து மற்றவை 1 ஆனால் 31. ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் இம்முறையை விளக்கிய கட்டுரை 1703-ஆம் ஆண்டுக்கான பாரிஸ் அறிவியல் கழகத் தொகுதியில் இடம்பெற்றது. மின்னோட்டம் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளை மட்டும் அறிந்த கணிப்பொறிக்கு அது பின்னாளில் தாய்மொழியாகிவிட்டது.

இதைக் கரும்பலகையில் பார்த்தவுடன் எனக்கு மேஸ்திரியின் நோட்டுதான் கண்ணில் நின்றது. கோடும் சுழியும்! ஒவ்வோர் ஆளின் வாரமும் ஆறு இலக்கமுள்ள ஓர் இரும எண் அல்லவா? இத்தனை ஆண்டுகளாக நான் பென்சிலால் செய்ததைக் கணிப்பொறி செய்தால் என்ன? ஆய்வகத்தில் பயிற்சிக்காகக் கொடுத்த கணக்குகளெல்லாம் யாரோ எங்கோ எழுதியவை. இது எங்கள் வீட்டுக் கணக்கு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பன்னிரண்டு பேர், ஆறு நாட்கள்

புரோகிராமின் வழி எளிமையானது. ஓர் எண்ணின் கடைசி இலக்கம் 1 ஆ என்று பார். ஆம் என்றால் நாள் கணக்கில் ஒன்று கூட்டு. பிறகு அந்தக் கடைசி இலக்கத்தைத் தள்ளிவிட்டு மீதியை ஓரிடம் வலப்பக்கம் நகர்த்து. எண் சுழியாகும் வரை இதையே செய். முடிவில் எத்தனை 1 இருந்தனவோ அத்தனை நாள் வேலை. ஆட்களின் வருகையைப் புரோகிராமுக்குள்ளேயே ஒரு பட்டியலாக, நோட்டில் உள்ளபடி எழுதிவிட்டேன்.

முதல் பெயர் அப்பாவுடையது. அந்த வாரம் திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. என் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று வாங்க என்னோடு வந்து, காலை முதல் மாலை வரை வரிசையில் நின்றார். எனவே அவருடைய வாரம் 011111. அதை மட்டும் முதலில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். திரையில் 5 என்று வந்தது. சரியான விடை! அந்த ஐந்தைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! பக்கத்து இருக்கைத் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அன்று சனிக்கிழமையானாலும் கல்லூரி உண்டு. மதிய இடைவேளையில் அப்பா தொலைபேசியில் அன்றைய வருகையைச் சொன்னார். "மொத ஆளு கோடு... ரெண்டாவது ஆளு கோடு..." என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். மாலையில் மற்ற பதினொரு பேரின் வரிகளையும் சேர்த்துப் புரோகிராமை ஓட்டி, விடைகளை நேரே ஒரு கோப்பில் எழுதவைத்துப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஓடினேன். நாலே முக்கால் பேருந்தை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். முதல் வரியில் அப்பா பெயருக்கு நேரே 5 இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மற்ற வரிகளை ஏன் பார்க்கவில்லை என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். கணிப்பொறி போட்ட கணக்கு ஆயிற்றே என்ற நம்பிக்கைதான் காரணம்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லாரும் கூலிக்காகக் காத்திருந்தார்கள். அப்பா அதற்குள் சொல்லி வைத்திருந்தார்: "இன்னைக்கு எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்தாறா. அதுல தப்பே வராது." நான் தாளை நீட்டினேன். மேஸ்திரி வாங்கி மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். அடியில் இருந்த கூட்டுத்தொகையில் விரல் நின்றது.

"என்ன பாப்பா, ஐம்பத்தேழு ஆள் வேலை செஞ்சிருக்காங்க. நீ எழுபத்தெட்டு ஆளுக்குக் கூலி போட்டிருக்கியே?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஐம்பத்தேழு என்பதை எப்படிக் கண்டார்? நான் கேட்காமலே விரல்விட்டுச் சொன்னார்: "திங்க ஏழு, செவ்வா ஒம்பது, புதன் பத்து, வியாழன் பத்து, வெள்ளி பதினொண்ணு, சனி பத்து. அம்பத்தேழுதானே?" நான் எப்போதும் ஆள்வாரியாகக் குறுக்கே எண்ணுவேன். அவர் நாள்வாரியாக மேலிருந்து கீழாக எண்ணி மனத்தில் வைத்திருக்கிறார். காலையில் எத்தனை பேருக்கு டீ சொன்னோம் என்பது அவருக்கு மறப்பதில்லை.

தாளை வாங்கிப் பார்த்தேன். கை நடுங்கியது. ஆறு நாளும் வந்த நான்கு பேருக்கு எட்டு நாள் என்று இருந்தது. அவர்களில் என் அம்மாவும் ஒருவர். செவ்வாய் மட்டும் வராத எதிர்வீட்டு அத்தைக்குப் பதினொரு நாள். சனிக்கிழமை மட்டும் வராத ஒருவருக்கு ஏழு நாள். திங்கள் ஒருநாள் வந்து பிறகு காய்ச்சலில் படுத்துவிட்ட பையனுக்கு ஆறு நாள்!

"எனக்குப் பதினொரு நாளா? உங்க காலேஜுல வாரத்துக்கு எத்தன நாளு கண்ணு?" என்று அத்தை கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். கெடுதலான சிரிப்பு அல்ல; ஆனாலும் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. மேஸ்திரி தாளை மறுபடி பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். அதுதான் பிறகு எனக்குத் திறவுகோலாயிற்று: "வேடிக்கையப் பாரு. திங்கக்கிழமை மட்டம் போட்டவனுக்கெல்லாம் கணக்கு சரியா இருக்கு. திங்கக்கிழமை வந்தவனுக்கெல்லாம் தப்பா இருக்கு."

உண்மைதான். திங்கள் வராத ஐந்து பேர் கணக்கும் துல்லியம். வந்த ஏழு பேர் கணக்கும் தவறு. அப்பா எதுவும் பேசவில்லை. நோட்டைப் பார்த்துப் பென்சிலால் போட்டுக் கொடுத்தேன். கூலி பட்டுவாடா ஆயிற்று.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அப்பாதான் பேச்செடுத்தார். "நான் புதுசா கரணை பிடிச்ச காலத்துல கட்டுன சுவரு ஒண்ணு கோணிப்போச்சு பாப்பா. தூக்குக்குண்டு வெச்சுப் பாக்காம கண்ணளவுல கட்டிட்டேன். மேஸ்திரி இடிக்கச் சொன்னாரு. இடிச்சுட்டுத் திரும்பக் கட்டுனேன்." அவ்வளவுதான் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பத்து எப்போது எட்டாகும்?

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பேராசிரியரிடம் தாளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் புரோகிராமைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், புன்னகை செய்தார். "010 என்று எழுதி, அதன் மதிப்பை அச்சிடச் சொல்" என்றார். செய்தேன். திரையில் 8 வந்தது. "இப்போது 08 என்று எழுது." எழுதினேன். கம்பைலர் ஏற்க மறுத்துப் பிழை காட்டியது.

"சி மொழியில் சுழியில் தொடங்கும் முழு எண் எந்த முறையைச் சேர்ந்தது?" என்று கேட்டார். வாய் தானாக விடை சொன்னது: "எண்ம முறை, சார்." சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த வாக்கியத்தை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். அகமதிப்பீட்டுத் தேர்வில் மாறிலிகளின் வகைகள் பற்றிய இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அதை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வினாத்தாளில் பார்த்தால் தெரிகிற விஷயம், என் சொந்தப் புரோகிராமில் கண்முன் நின்றபோது தெரியவில்லை!

நான் 0-வும் 1-உம் எழுதினேன். எனவே கணிப்பொறி அதை இரும எண்ணாகத்தான் படிக்கும் என்று எண்ணிவிட்டேன். ஆனால் 111111 என்று எழுதினால், அது ஒரு இலட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று என்ற பதின்ம எண். கடையில் விலைச்சீட்டில் அப்படி எழுதியிருந்தால் நாமும் அப்படித்தானே படிப்போம்? கணிப்பொறி அந்தப் பெரிய எண்ணைத் தன் முறையில் மாற்றி 11011001000000111 என்று வைத்துக்கொண்டது. அதில் உள்ள 1-களை எண்ணிப் பாருங்கள்: எட்டு. அம்மாவுக்கு எட்டு நாள் வந்தது இப்படித்தான். அத்தையின் 101111 என்பது ஒரு இலட்சத்து ஆயிரத்து நூற்றுப் பதினொன்று. அதன் இரும வடிவில் பதினொரு 1-கள். என் புரோகிராம் எண்ணியதில் பிழையே இல்லை. நான் எழுதிக் கொடுத்த எண்தான் வேறு.

அப்படியானால் சுழியில் தொடங்கிய வரிகள்? அவை எண்ம எண்கள். அங்கே இடமதிப்பு 1, 8, 64, 512, 4096 என்று எட்டு மடங்காக ஏறும். அப்பாவின் 011111 என்பது இவற்றின் கூட்டல், அதாவது 4681. நான் 31 என்று நினைத்த இடத்தில் 4681 உட்கார்ந்திருக்கிறது. பிறகு எப்படி 5 என்ற சரியான விடை வந்தது? இதற்கு விடையைப் பேராசிரியர் சொல்லவில்லை. "யோசித்து வந்து சொல்" என்று அனுப்பிவிட்டார்.

தேமாங்கனி தந்த விடை

விடை எனக்குக் கணித வகுப்பில் கிடைக்கவில்லை. மறுநாள் தமிழ் வகுப்பில் கிடைத்தது. யாப்பிலக்கணம் நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் படித்ததுதான்: அசை இரண்டு, நேரும் நிரையும். இரண்டு அசைகள் சேர்ந்த ஈரசைச்சீர் நான்கு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மூன்று அசைகள் சேர்ந்தால் எட்டு: காய்ச்சீர் நான்கு, கனிச்சீர் நான்கு. நான்கு அசைகள் சேர்ந்தால் பதினாறு. நான்கு, எட்டு, பதினாறு! என் கை நோட்டில் தானாக எழுதத் தொடங்கியது. நேர் என்பதைச் சுழியாகவும் நிரை என்பதை ஒன்றாகவும் வைத்தால், நேர் நேர் நேர் ஆகிய தேமாங்காய் 000. நேர் நேர் நிரை ஆகிய தேமாங்கனி 001. நேர் நிரை நேர் ஆகிய கூவிளங்காய் 010. இப்படியே போய், நிரை நிரை நிரை ஆகிய கருவிளங்கனி 111.

மூன்று அசைகளுக்கு ஒரு பெயர் வைப்பது போல, மூன்று இரும இலக்கங்களுக்கு ஒரு பெயர் வைப்பதுதான் எண்ம முறை! மூவசைச்சீர் எட்டு, எண்ம இலக்கங்களும் 0 முதல் 7 வரை எட்டு. நேர் நேர் நிரை என்று நீட்டிச் சொல்லாமல் தேமாங்கனி என்கிறோம். 001 என்று எழுதாமல் 1 என்கிறோம். நான்கு அசைகளின் பதினாறு சீர்கள் போலத்தான் பதினறும முறையின் பதினாறு இலக்கங்களும். தமிழ் இலக்கணிகள் கணிப்பொறியைக் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டே பொருள்களை வரிசைப்படுத்தினால் எண்ணிக்கை இப்படித்தான் பெருகும் என்ற கணித உண்மை இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது. பாட்டுக்குப் பயன்பட்டது, கணக்குக்கும் பயன்படுகிறது.

இப்போது அப்பாவின் ஐந்து விளங்கிவிட்டது. எண்ம எண்ணில் எழுதிய ஒவ்வொரு 1-உம் இயந்திரத்துக்குள் 001 ஆகிறது. ஒவ்வொரு 0-வும் 000 ஆகிறது. ஆக, 011111 உள்ளே போய் 001001001001001 ஆயிற்று. இடையிடையே சுழிகள் புகுந்து எண்ணின் மதிப்பு எங்கோ போய்விட்டது. ஆனால் 1-களின் எண்ணிக்கை மாறவில்லை. ஐந்து ஐந்தாகவே இருந்தது. திங்கள் வராதவர்கள் எல்லாருக்கும் கணக்குச் சரியாக வந்த இரகசியம் இதுவே.

இதைக் கண்டபோது மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் வந்தது. எனக்காகக் கூலியை விட்டு வரிசையில் நின்ற அந்தத் திங்கட்கிழமையின் சுழிதான் அப்பாவின் வரியில் முதல் இலக்கம். அதுதான் தவறான புரோகிராமிலிருந்து சரியான விடையை வரவழைத்து என்னை ஏமாற்றியது. முதல் வரியில் அம்மாவின் பெயர் இருந்திருந்தால், எட்டு நாள் என்று கண்டவுடன் நின்றிருப்பேன். தவறான விடை மனிதனை எச்சரிக்கிறது. தற்செயலாகச் சரியாக வந்த விடை அவனைத் தூங்கவைக்கிறது. பதினொரு நாள் என்று வந்ததால் எல்லாரும் சிரித்தோம். ஐந்து நாளுக்கு நான்கு என்று வந்திருந்தால் யார் சிரித்திருப்பார்கள்? "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்களா?

சுழி ஏன் இப்படி ஆனது?

சுழிக்கு இந்த வேலையை யார் கொடுத்தார்கள் என்று பேராசிரியரிடம் கேட்டேன். சி மொழியை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் டென்னிஸ் ரிச்சி. அதற்கு முன்னோடியாகக் கென் தாம்சன் அமைத்த 'பி' என்ற மொழியிலேயே சுழியில் தொடங்கினால் எண்ம எண் என்ற வழக்கம் உண்டு. அவர்கள் தொடக்கத்தில் பயன்படுத்திய பி.டி.பி.-7 என்ற கணிப்பொறியில் ஒரு சொல்லின் நீளம் 18 இரும இலக்கங்கள். பதினெட்டை மூன்று மூன்றாகப் பிரித்தால் மீதியின்றி ஆறு எண்ம இலக்கங்கள். ஆகவே எண்ம முறை அவர்களுக்கு அன்றாட எழுத்து. அதைக் குறிக்க ஒரே ஒரு சுழி போதும் என்று சிக்கனமாக வைத்துக்கொண்டார்கள். அந்த இயந்திரங்கள் போய்விட்டன. சுழி மட்டும் நின்றுவிட்டது.

வியப்பு என்னவென்றால், உள்ளே எல்லாவற்றையும் இரும முறையில் செய்யும் கணிப்பொறிக்கான மொழியில், இரும எண்ணை எழுதவே வழியில்லாமல் இருந்தது. 1978-இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதி வெளிவந்த புகழ்பெற்ற நூலிலும், 1989-இல் வந்த முதல் தரநிலையிலும் பதின்மம், எண்மம், பதினறுமம் மூன்றுமே உண்டு, இருமம் இல்லை. பின்னர் மெல்ல மெல்ல ஒரு முன்குறி வழக்கத்துக்கு வந்தது. சுழிக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து 'பி' ஒன்றைச் சேர்ப்பதுதான் அது. (இங்கே அதைத் தமிழ் எழுத்தாலேயே எழுதுகிறேன்.) 0பி111111 என்று எழுதினால் அது ஐயமின்றி 63. 2008-இல் பைதான் மொழியிலும், 2011-இல் ஜாவாவிலும், 2014-இல் சி பிளஸ் பிளஸ் தரநிலையிலும், 2015-இல் ஜாவாஸ்கிரிப்டிலும் அது இடம்பெற்றது. சி மொழியின் தரநிலைக்குள் அது நுழைந்தது 2024-இல் வெளியான பதிப்பில்தான். எங்கள் ஆய்வகத்தில் உள்ள ஜி.சி.சி. கம்பைலர் 2008 முதலே அதைத் தன் சொந்த வசதியாக ஏற்றுவருகிறது. நான் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு மொழியும் இந்தச் சிக்கலை ஒவ்வொரு விதமாகத் தீர்த்திருக்கிறது. 1983-இல் தரப்படுத்தப்பட்ட அடா மொழியில் 2#111111# என்று அடிமானத்தையே முதலில் எழுதிவிடுவார்கள், மறைவே இல்லை. ஜாவாவில் நீண்ட எண்ணின் நடுவே அடிக்கோடு இட்டுப் பிரித்து எழுதலாம். படிப்பவரின் கண்ணுக்கு இதம். ஆனால் சுழியில் தொடங்கினால் எண்மம் என்ற பழைய வழக்கம் அங்கே இன்றும் உண்டு. பைதான் 3-இல் 011111 என்று எழுதினால் ஏற்காமல் பிழை காட்டிவிடுகிறது. எண்ம எண் வேண்டுமானால் சுழிக்குப் பின் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை இடவேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்தது. ஐயம் வரும் இடத்தில் தானே ஒரு பொருள் கொண்டுவிடாமல், "நீ சொல்ல வருவது என்ன?" என்று திருப்பிக் கேட்பது நல்ல ஆசிரியரின் குணம் அல்லவா?

அடுத்த சனிக்கிழமை

பட்டியலில் ஒவ்வோர் எண்ணின் முன்னும் 0பி சேர்த்தேன். அத்தோடு நிற்கவில்லை. மேஸ்திரியின் வழியையும் புரோகிராமுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஆறு இடங்களில் 32-இன் இடம் திங்கள், 16-இன் இடம் செவ்வாய், 8 புதன், 4 வியாழன், 2 வெள்ளி, 1 சனி. ஒவ்வோர் இடத்திலும் எத்தனை பேருக்கு 1 இருக்கிறது என்று நாள்வாரியாகவும் கூட்டு, ஆள்வாரித் தொகையும் நாள்வாரித் தொகையும் ஒன்றானால் மட்டும் தாளை அச்சிடு, இல்லையேல் நின்றுவிடு. முதலில் பழைய வாரத்தைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 57. இம்முறை பன்னிரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாகப் பென்சிலால் சரிபார்த்த பிறகே அச்செடுத்தேன்.

தாளை எடுத்துக்கொண்டு போகத் தயக்கமாகத்தான் இருந்தது. அப்பா முன்னால் நடந்தார். மேஸ்திரி வாங்கி, வழக்கம்போல விரல்விட்டு எண்ணினார். நோட்டைப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். பிறகு, "ஆனா நோட்டுலயும் ஒருதரம் போட்டுடு பாப்பா" என்று பென்சிலை நீட்டினார். எனக்கு வருத்தமில்லை. அவர் கேட்டது நியாயம். சுவர் எவ்வளவு நேராகத் தெரிந்தாலும் அப்பா தூக்குக்குண்டு பிடிக்காமல் அடுத்த வரிக் கல்லை வைப்பதில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு கணக்கும் நடக்கின்றன. சென்ற மாதம் ஒருநாள் புரோகிராம் தாளை அச்சிடாமல் நின்றுவிட்டது. பார்த்தால், பட்டியலைத் தட்டெழுதும்போது ஒரு வரியில் 0பி போட மறந்திருந்தேன்.

நண்பர்களே, இந்தச் சிறு அனுபவத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதை உங்கள்முன் வைக்கிறேன். எண் என்பது வேறு. எண்ணை எழுதும் எழுத்து வேறு. 10 என்று எழுதியதை ஒருவர் பத்து என்பார், இன்னொருவர் எட்டு என்பார், மற்றொருவர் இரண்டு என்பார்; மூவரும் அவரவர் முறையில் சரியே. எந்த முறையில் எழுதினோம் என்பதைச் சொல்லவேண்டியது எழுதுபவரின் கடமை. நமக்குத் தெரிந்தது படிப்பவருக்கும் தெரியும் என்று எண்ணிக்கொள்வதுதான் தவறுகளின் தொடக்கம்.

என்னைப் போல் வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. நாம் கொண்டுபோகும் தாளை வீட்டில் உள்ளவர்கள் படித்துப் பார்ப்பதில்லை. நம்மைப் பார்த்து நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இரண்டு மதிப்பெண் மனப்பாடம் போதாது. படித்தது நமக்கு விளங்கியிருக்கிறதா என்று, கூலிக்குக் காத்து நிற்பவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு, நம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

விடையைச் சொல்லாமல் என்னை யோசிக்கவைத்த கணிதப் பேராசிரியருக்கும், தம் வகுப்பில் விடை கிடைத்ததை அறியாமலே யாப்பு நடத்திய தமிழ்ப் பேராசிரியருக்கும், விரல்விட்டு எண்ணிக் காட்டிய மேஸ்திரி அவர்களுக்கும் என் நன்றி.